நாலாம் நம்பர் மிஷினின் மணி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
20-1-1957

மாமன் மகள் கமலவேணிக்கு அத்தான் கருணாகரன் அன்போடு எழுதுவது.

பொங்கலுக்கு மலாக்கா வர முடியாமல் போயிற்று. மாமிக்கு இருமல் விட்டதா? எனக்கு இங்கே சாப்பாட்டைத் தவிர மற்றதெல்லாம் சௌகரியம்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமாகப் போகிறதென்று எங்கள் கம்பெனித் துரைமார் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் குமாஸ்தாக்களை மறுபடி சலித்துப் பார்க்கப் போகிறார்களாம். ஜூலை முதல் வாரத்தில் டைப்ரைட்டிங் பரீட்சை. தேறியவனுக்கு வேலை நிரந்தரம், தேறாதவனுக்கு வீடு நிரந்தரம். நம் இருவருக்கும் மலாக்காவில் வைத்தார்களே, அதே முறைதான். அவரவர் மிஷினை அவரவர் கொண்டு போகவேண்டும்.

எனக்குக் கை பழகியது தேவதாஸ் மாஸ்டர் டைப்ரைட்டிங் பள்ளியில் இருக்கும் நாலாம் நம்பர் மிஷின். நீ அங்கேதானே இப்போது சொல்லிக் கொடுக்கிறாய். மாஸ்டரிடம் சொல்லி அதை ஆறு மாதத்துக்கு இரவல் வாங்கித் தர முடியுமா? நீ கேட்டால் தட்டமாட்டார்.

மலாக்காப் பரீட்சைக்கு நீ கொண்டுபோன அந்த மிஷினில் உனக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். யானைக்கும் அடி சறுக்கும். மனத்தில் வைத்துக்கொள்ளாதே.

மாமிக்கு என் வணக்கம்.

உன் நலம் விரும்பும்,
கருணாகரன்


காஜா பேராங், மலாக்கா
3-2-1957

அன்புள்ள அத்தானுக்கு,

கமலவேணியின் வணக்கம். அம்மாவுக்கு இருமல் அப்படியேதான். என்னைத் திட்டுவதற்கு மட்டும் குரல் தெளிவாக வருகிறது, ஆகையால் கவலை இல்லை. அத்தை போன வெள்ளிக்கிழமை வந்து முறுக்கு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மாஸ்டரிடம் கேட்டேன். "அத ஏம்மா கேக்குற, ராசி கெட்ட மிஷினு. எடுத்துக்கச் சொல்லு," என்றார். நான் தோற்ற நாளிலிருந்து நாலாம் நம்பரை யாரும் தொடவில்லை. பின்கட்டில் உறை போட்டு, அதன்மேல் பழைய குடையும் வைத்திருக்கிறார்கள். இறக்கித் துடைத்து அனுப்புகிறேன்.

வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தம் இல்லை அத்தான், எரிச்சல். நான் புதுப் பெண்களுக்கு முதல் நாளே சொல்வது இதுதான்: கண் பாடத்தாளில் இருக்கவேண்டும், விரல் எழுத்தில் இருக்கவேண்டும், காகிதத்தில் எங்கே நிற்கிறோம் என்பதைக் காதுதான் பார்க்கவேண்டும். வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கும்போது மணி அடிக்கும். அந்த வார்த்தையை முடித்து உருளையைத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். மணி கேட்காவிட்டால் உருளை ஓரத்தில் போய் நின்றுவிடும், அடிக்கிற எழுத்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கறுப்புப் புள்ளியாகும். அன்று என் தாளில் வரிக்கு வரி கறுப்புப் புள்ளி. பிறகு பயந்துபோய் ஒவ்வொரு வரிக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தலையைத் தூக்கினால் வேகம் போயிற்று. இருந்தது ஓர் இடம். அது உங்களுக்குக் கிடைத்தது.

மணி அடிக்கவில்லை என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. மிஷினைத் திரும்பக் கொண்டுவந்து மாஸ்டர் அடித்துப் பார்த்தபோது கணீரென்று அடித்தது. "மணிக்கு என்னா குறைச்சல்? நல்லாத்தானே அடிக்குது," என்றார். அப்பா அந்த அறையில் நின்றுகொண்டிருந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போன வருஷம் கண்ணை மூடும்வரை, தன் மகள் பயந்து சொதப்பிவிட்டு மிஷின்மேல் பழி போட்டாள் என்றே நம்பினார். அம்மா இன்றும் நம்புகிறாள்.

மிஷின் வந்து சேரும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கமலவேணி


பிரிக்பீல்ட்ஸ்
12-2-1957

அன்புள்ள கமலவேணிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நான் சுகம், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். மாஸ்டருக்கு என் நன்றியைச் சொல். கோலாலம்பூரில் நல்ல பிஸ்கட் கிடைக்கிறது, யாராவது வந்தால் ஒரு டின் கொடுத்தனுப்புகிறேன்.

பழையதைக் கிளறாதே. மாமா பெரிய மனசுக்காரர், உன்மேல் அவருக்குக் கோபமே இருந்ததில்லை. பெண்பிள்ளைக்கு மலாக்காவில் இருந்த இடத்திலேயே ஒரு வேலை அமைந்ததே, அதுவும் நல்லதற்குத்தான். இங்கே பஸ்ஸுக்கு நெரிபட்டு ஆபீஸ் போவதெல்லாம் உனக்கு ஒத்து வராது.

மிஷினைச் சீக்கிரம் அனுப்பு. அதன் மணிக்கு ஈடு எந்த மிஷினும் இல்லை.

அன்புடன்,
கருணாகரன்


காஜா பேராங்
30-3-1957

அத்தானுக்கு,

கமலவேணி. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. அம்மா இருக்கிறாள், நானும் இருக்கிறேன். உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா?

மாசி மாதம் முழுக்கப் பள்ளியில் வேலை. முந்தாநாள்தான் நாலாம் நம்பரை மேசையில் தலைகீழாகக் கவிழ்த்து, சீமெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். உள்ளிருந்து அழிரப்பர்த் தூள், ஒரு கொண்டை ஊசி, ஒரு கரப்பான் பூச்சி எல்லாம் விழுந்தன. கடைசியாக ஓர் ஒட்டுப்பால் உருண்டை விழுந்தது. காய்ந்து கறுத்து, கோலிக்காயை விடக் கொஞ்சம் பெரிது. மரத்தில் வடிந்து காய்ந்த பாலை உருட்டினால் வருமே, அதேதான். காஜா பேராங்கில் ரப்பர் மரம் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன்.

உருண்டையின் ஒரு பக்கம் குழிந்திருந்தது. மணியின்மேல் வைத்துப் பார்த்தேன், மூடி மாதிரி உட்கார்ந்தது. மணியின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் உண்டு, அந்தக் கீறலும் உருண்டையில் பதிந்திருக்கிறது. உருளையை ஓரம்வரை ஓட்டினேன். மணி அடிக்கவில்லை. உருண்டையை எடுத்தேன், அடித்தது. மறுபடி வைத்தேன், அடிக்கவில்லை. மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்னாம்மா வெளையாட்டு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

பரீட்சைக்குப் போகும்போது டிரைஷா வண்டியில் உங்கள் மிஷின் காலடியில் இருந்தது, என் நாலாம் நம்பர் உங்கள் மடியில் இருந்தது. "நீ பயப்படாத, நான் பத்திரமா புடிச்சுக்கிறேன்," என்றீர்கள். திரும்பும்போதும் உங்கள் மடியில்தான் இருந்தது, அதற்குப் பிறகுதான் மணி கணீரென்று அடித்தது. அப்பா பின்னால் சைக்கிளில் வந்தார்.

மாமா, அதாவது உங்கள் அப்பா, இன்னும் செங் தோட்டத்து ரப்பர்ப் புகைக்கூடத்துக்குத்தானே வேலைக்குப் போகிறார்? கேட்டதாகச் சொல்லுங்கள்.

அந்த உருண்டை உள்ளே எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

கமலவேணி


பிரிக்பீல்ட்ஸ்
24-4-1957

அன்புள்ள கமலவேணிக்கு,

ஆண்டவன் அருளால் நலம். மாமிக்கு இருமலுக்கு நல்ல மருந்து இங்கே சீனக் கடையில் கிடைக்கிறது, அனுப்பட்டுமா? சித்திரைப் புத்தாண்டுக்கு வாழ்த்து எழுத நினைத்து மறந்துவிட்டேன். ஆபீசில் தலைக்குமேல் வேலை. ஊரெல்லாம் மெர்டேக்காப் பேச்சு. கொடி எப்படி இருக்கும், ஸ்டேடியம் எப்போது கட்டி முடியும் என்று டீக்கடையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பள்ளியில் எத்தனையோ பையன்கள் படிக்கிறார்கள், எவனாவது விளையாட்டுக்குப் போட்டிருப்பான். எலிகூட இழுத்துப் போட்டிருக்கலாம். இதையெல்லாம் பெரிதுபடுத்தி மாஸ்டரிடமோ என் அம்மாவிடமோ சொல்லிக்கொண்டிருக்காதே. குடும்பத்துக்குள் வீண் பேச்சு.

மிஷினை எப்போது அனுப்புகிறாய்? பழக நாள் வேண்டும்.

அன்புடன்,
கருணாகரன்


காஜா பேராங்
8-5-1957

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உங்கள் நலம் எனக்கு இப்போது ரொம்ப முக்கியம். ஜூலைவரை காய்ச்சல், கண்வலி எதுவும் வந்துவிடக்கூடாது.

கம்போங் செட்டியில் டத்தோ சாச்சார் என்கிற மாரியம்மன் விழா நடக்கிறது. நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நம் பள்ளியில் படிக்கும், வீட்டில் மலாய் பேசும் மலாக்கா செட்டிப் பெண் ஒருத்தி, கெபாயாச் சட்டையில் அழகாக வந்து, தீபாராதனைத் தட்டை எங்களிடம் நீட்டி, "சும்பாயாங், சிக்கு," என்று டீச்சரைக் கும்பிடச் சொன்னாள். தமிழ் அவளுக்கு வராது, ஆனால் மாரியம்மன் முன்னால் பொய்யும் வராது. நானும் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள்.

எலி என்றீர்கள். மணியில் பொருத்திப் பார்த்து உருட்டுகிற எலி எங்கள் பக்கம் இல்லை. கோலாலம்பூர் பக்கம் போயிருக்கலாம்.

மிஷின் தம்பிராஜா அண்ணன் லோரியில் இன்று கிளம்பிவிட்டது. காய்கறி இறக்கிவிட்டு உங்கள் வாசலில் கொண்டுவந்து கொடுப்பார். அதைத் தயார் செய்தது நான்தான், வேறு யாரையும் தொட விடவில்லை. நீங்கள் எனக்குச் செய்ததை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு திருகையும் முடுக்கினேன்.

ஒன்று கேட்கிறேன். அன்று டிரைஷாவில் என்ன செய்தீர்கள் என்று இரண்டே வரி எழுதி அனுப்புங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டவேண்டும். அந்த இரண்டு வரி வந்த மறுநாள், நான் மிஷினை என்ன செய்தேன் என்று நானும் எழுதுகிறேன்.

அத்தை உங்களுக்குப் பெண் பார்க்கிறார்களாம். வாழ்த்துகள்.

கமலவேணி


பிரிக்பீல்ட்ஸ்
13-5-1957

கமலவேணிக்கு,

நலம். மிஷின் வந்தது. என்ன செய்திருக்கிறாய் அதில்?

வந்த அன்றே கழற்றிப் பார்த்தேன். மணியில் ஒன்றும் ஒட்டவில்லை, அடிக்கிறது. ஆனால் முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரம் அடிக்கிற மாதிரி இருக்கிறது. சில சமயம் தாமதமாக அடிக்கிற மாதிரியும் இருக்கிறது. ஓரத்தை நிறுத்தும் முளையை நகர்த்தி வைத்தாயா? சுருள்வில்லைத் தளர்த்தினாயா? பரீட்சை பாதியில் நிற்கும்படி ஏதாவது செய்திருக்கிறாயா? விளையாட்டுக்கும் ஓர் அளவு உண்டு. இது என் பிழைப்பு.

வேறு மிஷின் தேடினேன். பரீட்சை நேரம் என்பதால் ஒருவரும் தரவில்லை. எனக்கு அந்த மிஷினைத் தவிர வேறு கதி இல்லை.

நீ கேட்டதை எழுத்தில் கேட்காதே. நாளைக்கு யார் கையில் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? உடனே பதில் எழுது.

கருணாகரன்


காஜா பேராங்
11-6-1957

அன்புள்ள அத்தானுக்கு,

கமலவேணியின் வணக்கம். உடனே பதில் எழுதச் சொன்னீர்கள். எனக்கு அவசரம் இல்லாததால் ஒரு மாதம் ஆயிற்று. கழுத்து எப்படி இருக்கிறது? வலி ஒன்றும் இல்லையே?

மணி அடிக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மணியே அடிக்கவில்லை. உங்களுக்கு அடிக்கவாவது செய்கிறது. கொடுத்து வைத்தவர்.

பரீட்சையன்று வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சோறு போட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு, "தெரியாட்டி தெரியலன்னு சொல்லணும். பொய் சொல்லக் கூடாது," என்றார். வாழ்நாளில் என்னை அவர் திட்டியது அந்த ஒரு தடவைதான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். "விடுங்க மாமா, பொம்பளப் புள்ள, பயந்திருக்கும்," என்று எனக்காகப் பரிந்து பேசினீர்கள். நான் நன்றியோடு உங்களுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். உருண்டையைக் கண்டெடுத்த நாளிலிருந்து அந்த ஒரு கரண்டி ரசத்தைத்தான் திரும்ப வாங்கிக்கொள்ள நினைக்கிறேன்.

இரண்டு வரி.

கமலவேணி


பிரிக்பீல்ட்ஸ்
22-6-1957

கமலவேணிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

தினமும் ஆபீஸ் விட்டு வந்து பழகுகிறேன். மணி அடித்ததும், இது நிஜமா, இன்னும் ஏழு எழுத்து இருக்கிறதா, மூன்றுதானா என்று சந்தேகம் வருகிறது. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த வரியிலும் பார்க்கிறேன். பார்க்காமல் அடிக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வரி பாதியிலேயே கழுத்து தானாக நிமிர்கிறது. என் வேகம் பாதியாகிவிட்டது. மிஷினை நாலு தடவை பிரித்துப் பூட்டிவிட்டேன், ஒன்றும் புலப்படவில்லை. அவ்வளவு நுணுக்கமாக என்ன செய்தாய்?

நாம் ஒரே வீட்டுச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பரீட்சை முடிந்ததும் நேரில் வருகிறேன், மாமியிடம் பேசவேண்டியதை நானே பேசுகிறேன். இப்போது மட்டும் சொல்லிவிடு. அந்த மிஷினில் எந்த இடம்?

உன் அத்தான்,
கருணாகரன்


பிரிக்பீல்ட்ஸ்
15-7-1957

கமலவேணிக்கு,

என் போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. பரீட்சை முடிந்தது. பட்டியலில் என் பெயர் இல்லை. மாதக் கடைசியோடு கணக்கு முடித்து அனுப்புகிறார்கள். பெண் வீட்டாருக்கு அம்மா ஏதோ சமாதானம் சொல்லியிருக்கிறாள்.

ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். பரீட்சை முடியும்வரை மணி சரியாகவே அடித்தது. ஒரு வரியில்கூடத் தவறவில்லை. அப்படியானால் நீ செய்தது என்ன?

மாமிக்கு வணக்கம்.

கருணாகரன்


காஜா பேராங்
1-9-1957

அன்புள்ள அத்தானுக்கு,

கமலவேணியின் வணக்கம். அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன், தூக்கம் நன்றாக வருகிறது. நீங்கள் செங்கில் மாமாவோடு புகைக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்று அத்தை சொன்னார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தொடங்கியது கடிதத்தில், முடிவதும் அதில்தான் இருக்கட்டும்.

நேற்று மெர்டேக்கா. தெருவெல்லாம் கொடி. மாஸ்டர் பள்ளிக்கும் ஒரு கொடி கட்டி, எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் மிஷினை ஒன்றும் செய்யவில்லை. சீமெண்ணெயில் கழுவினேன், துடைத்தேன், எண்ணெய் விட்டேன், தளர்ந்திருந்த திருகுகளை முடுக்கினேன். மாஸ்டர் பள்ளியில் அதைவிட நல்ல மிஷின் இன்று கிடையாது. நான் செய்ததெல்லாம் உங்களுக்குக் கடிதம் எழுதியதுதான். அந்தக் கடிதங்களிலும் ஒரு பொய் இல்லை, வேண்டுமானால் எடுத்துப் படித்துப் பாருங்கள். நடந்தது தெரியாத ஒருவனுக்கு அதே மிஷினைக் கொடுத்திருந்தால் தேறியிருப்பான். உங்களுக்கு அந்த மணியை எப்படிக் கெடுக்கலாம் என்று தெரியும். அதனால்தான் அது அடித்தும் உங்களால் நம்ப முடியவில்லை.

ஒட்டுப்பால் உருண்டை என் மேசையில் இருக்கிறது. பாடத்தாள் காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறேன்.

நீங்கள் தோற்றது எனக்குச் சந்தோஷமா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். பாவம் என்று நினைக்க முயன்றேன், வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

அந்த இரண்டு வரியை நீங்கள் கடைசிவரை எழுதவில்லை. இனி வேண்டாம். உங்கள் கடிதங்களை எல்லாம் அம்மாவை உட்காரவைத்து வரிசையாகப் படித்துக் காட்டினேன். எந்த இடம், என்ன செய்தாய், சுருள்வில்லா, முளையா என்று நீங்கள் கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்தாள். முடிந்ததும் காம்புகளைக் கூட்டி அள்ளினாள். பிறகு, "செய்யாதவனுக்கு இவ்ளோ பயம் எதுக்குடி வருது?" என்றாள். எழுந்துபோய் அப்பா படத்துக்கு முன்னால் நின்று, "ஏங்க, மணி அடிக்கலதாங்க. புள்ள நெசந்தான் சொல்லிருக்கு," என்றாள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்க அவருக்குக் காது இருந்த காலத்தில் சொல்ல முடியாமல் செய்துவிட்டீர்கள், அதற்கு மட்டும் என்னிடம் மன்னிப்பு இல்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பரீட்சையில் தோற்ற நாளிலிருந்து நானும் ஒவ்வொரு வரிக்கும் தலையைத் தூக்கித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணியை நம்பு என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன், எனக்கு நம்பிக்கை வராது. நேற்று கொடியேற்றம் முடிந்து எல்லாரும் போன பிறகு, நீங்கள் லோரியில் திருப்பி அனுப்பிய நாலாம் நம்பரில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் முழுக்க அடித்தேன். ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கவில்லை.

மாஸ்டர் உங்களைக் கேட்கச் சொன்னார். பள்ளியில் மாலை வகுப்புக்கு ஓர் ஆள் வேண்டுமாம், உங்களுக்கு விருப்பமா என்று. வாருங்கள், நான் தடுக்கவில்லை. உங்கள் மேசையில் நாலாம் நம்பரை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கழுத்துக்குத் தைலம் அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். தேய்த்துக்கொள்ளுங்கள்.

கமலவேணி